பதினோரு நாள் மூடியிருந்த வால்வு

ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். இப்படிப்பட்ட பக்கங்களை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. என் மகளுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. ஆனால் கட்டடம் கட்டடமாகப் போய்ப் பார்க்கும் வேலையை விட்டு, நானாகக் கேட்டு மேசைக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான் என்று சொல்லி ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது சரியா என்று இதை எழுதும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விதிகளையும் அளவுகளையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது ஒரு மனிதரைப் பற்றி. நான் கையெழுத்திட்ட ஒரு நோட்டீஸால் அவருக்கு வேலை போனது. அவர் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தார். அது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஒரு கைக்குழந்தை மருத்துவமனைக்குப் போய் வந்துவிட்டது.

தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த கோடை அது. வைட்ஃபீல்ட் பக்கம் போர்வெல்கள் வற்றிப்போய், பெரிய பெரிய அடுக்குமாடிகளே டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தன. ஒவ்வொரு குடியிருப்பும் தன் கழிவுநீரைத் தானே சுத்திகரித்து, அந்தத் தண்ணீரைத்தான் கழிப்பறை ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்த வேண்டும், நல்ல தண்ணீரை ஃப்ளஷுக்கு விடக் கூடாது என்று குடிநீர் வாரியத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அதைச் சரிபார்ப்பது என் வேலை. மகளுக்கு அப்போது ஒன்றே கால் வயது. காக்ஸ் டவுனில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டே கேரில் விட்டுவிட்டு வருவேன். ஆறு மணிக்குள் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அங்கிருக்கும் அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். கதவருகே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அது எனக்குப் போதும்.

அந்தக் குடியிருப்புக்கு நான் போனது ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு. அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால் சுத்திகரிப்பு நிலையம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் அன்புராஜ். ஏறக்குறைய என் வயதுதான். பகல் முழுக்க அவர் ஒருவரேதான் அங்கே. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் கூட வந்திருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லா மொழியும் பேசுவார்.

நான் இரண்டு கேள்வி கேட்டதுமே அன்புராஜ் என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், நீங்க கேஜிஎஃபா?"

பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் தலையாட்டினேன்.

"எந்த லைன்?"

கேஜிஎஃபின் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் வரிசை வீடுகளை எங்கள் ஊரில் லைன் என்போம். எங்கிருந்து வருகிறோம் என்பதற்கு எங்களுக்குள் அது ஒன்றே முகவரி. என் தாத்தாவும் சுரங்கத்துக்குள் இறங்கினவர்தான். சொன்னேன்.

"அட, எங்க மாமா வூடு அங்கதான் கீது! நான் டெய்லி டிரெயின்லதான் வர்றேன் மேடம், காலையில அஞ்சரைக்கெல்லாம் வண்டி ஏறிடுவேன்."

செயலாளர் சிரித்தார். "ஓஹோ, ரெண்டு பேரும் ஒரே ஊரா? அப்ப நம்ம ரிப்போர்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லுங்க!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் என்னோடு வந்திருந்த அலுவலக ஓட்டுநரும் சிரித்தார். அந்த ஓட்டுநர் மாலையில் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது இதைச் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. போன மாதம்தான் வேறொரு கட்டடத்தில் என் அறிக்கை கொஞ்சம் மென்மையாக இருந்ததற்கு, என் மேலதிகாரி கண்ணாடியை இறக்கி, "நிம்ம ஊரவரா?" என்று கன்னடத்தில் கேட்டிருந்தார். உங்கள் ஊர்க்காரர்களா என்று. அன்று அவர்கள் யாரும் என் ஊர்க்காரர்கள் இல்லை. இன்று ஒருவர் இருந்தார். ஆகவே அந்த நிமிடத்திலிருந்து நான் அன்புராஜின் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். "லாக் புக் எடுங்க," என்றேன். 'அண்ணா' என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

தினமும் நடந்ததைப் பதியும் லாக் புத்தகங்கள் எத்தனையோ நீங்கள் பார்ப்பீர்கள். பெரும்பாலானவற்றில் எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கும். அன்புராஜுடையது அப்படி இல்லை. அட்டை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. ஒரு நாள், கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ப்ளோயர் நின்றது என்று எழுதியிருந்தார். ஒரு நாள் நுரை. ஒரு நாள் குளோரின் பம்பு ஓடவில்லை. அப்படி எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, சுத்திகரித்த தண்ணீர் மேல் தொட்டிக்குப் போகும் வால்வு மூடப்பட்டது, ஃப்ளஷுக்கு நல்ல தண்ணீர் திறக்கப்பட்டது என்று இருந்தது. நேரத்தோடு, கையெழுத்தோடு. ஒரே மாதத்தில் பதினோரு நாள்.

"பதினோரு நாள் நல்ல தண்ணிய ஃப்ளஷுக்கு விட்டிருக்கீங்க," என்றேன்.

"ஆமா மேடம். அன்னிக்கெல்லாம் தண்ணி சரியில்ல. அத்த மேல அனுப்ப முடியாது."

"ஃப்ளஷுக்குத்தானே போகுது? குடிக்கவா போறாங்க?"

"இல்ல மேடம், பி பிளாக்குல இன்னான்னா..."

என் கைபேசி அடித்தது. டே கேர் அக்கா. குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் சீக்கிரம் வரமுடியுமா என்றார். மணி நாலே கால். அலுவலக வண்டி வீட்டுப் பக்கம் வராது; மெட்ரோ பிடித்து இறங்கி, ஆட்டோ பிடித்து, எப்படிப் போனாலும் ஐந்தரை ஆகும். கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்புராஜ் இன்னும் அதே இடத்தில், சொல்ல வந்ததைச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றார்.

"விளக்கம் இருந்தா செகரெட்டரி மூலமா எழுத்துல குடுங்க," என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்களும் ஒரு நாள் சொல்வீர்கள். விதிப்படி அது சரியான வாக்கியம். கேட்க நேரமில்லாதபோது, கேட்கப் பயமாக இருக்கும்போது, நமக்கு மிகவும் உதவும். எழுத்தில் எதுவும் வரவில்லை. செயலாளர் ஏன் எழுத வேண்டும்? அன்புராஜ் எதற்காக வால்வை மூடினார் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. மூடியதை எழுதிவைத்ததுதான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது.

நோட்டீஸ் எழுதும்போது ஒரு தடவை நிறுத்தினேன். வேறு கட்டடமாக இருந்தால் எச்சரிக்கையோடு விட்டிருப்பேனோ என்று யோசித்தேன். விட்டிருப்பேன் என்றே பதில் வந்தது. அப்படியானால் இவருக்கும் எச்சரிக்கை போதுமே என்று தோன்றவேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: எச்சரிக்கையோடு விட்டால் ஊர்ப்பாசம் என்பார்கள். லாக் புத்தகத்தின் பக்கங்களையே படமெடுத்து ஆதாரமாக இணைத்தேன். அவர் எழுத்தே அவருக்கு எதிராக நின்றது. மேலதிகாரி படித்துவிட்டு, "இதுதான் வேண்டும்," என்றார். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மகளின் காய்ச்சலும் இறங்கிவிட்டது.

ஆறு வாரம் கழித்து மறு ஆய்வுக்குப் போனேன். அன்புராஜ் இல்லை. ஒரு ஏஜென்சி மூலம் வந்திருந்த புது ஆள், சட்டையில் பெயர்ப் பட்டையோடு நின்றார்.

"பழைய ஆள் எங்கே?" என்று கேட்டேன்.

"அவர எடுத்தாச்சு மேடம்," என்றார் செயலாளர். "நீங்கதானே நோட்டீஸ் குடுத்தீங்க? கமிட்டியில ஒரே கூச்சல். கண்டதையும் எழுதி வைக்கிறதுக்கா ஆள் வச்சிருக்கோம்? இப்ப பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்குன்னு."

புது லாக் புத்தகம் நீட்டாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே சொல்: சரி, சரி, சரி. நடுவில் ஒரு நாள் அந்தப் பகுதி முழுக்கப் பாதி நாள் மின்சாரம் இல்லை. எனக்கு நினைவிருந்தது, ஏனென்றால் அன்று பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் ஏழு மாடி ஏறியிருந்தேன். அந்த நாளிலும் ப்ளோயர் முழு நேரம் ஓடியதாக இருந்தது.

"அன்னிக்குக் கரண்ட் இல்லையே?"

"ஜெனரேட்டர் மேடம்."

ஜெனரேட்டர் இருக்கலாம். இருந்தது. அது ப்ளோயருக்கும் இணைக்கப்பட்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பத்து அடி நடந்தால் பார்த்திருக்கலாம். என் நோட்டீஸால் ஒரு கட்டடம் திருந்தியது என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது என்று நினைக்கிறேன். குறைபாடு நீக்கப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடினேன். அடுத்த கூட்டத்தில் மேலதிகாரி அதை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். நான் தலை குனிந்து சிரித்துக்கொண்டேன்.

மேலும் ஐந்து வாரம் போனது. ஒரு காலையில் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணிடமிருந்து புகார் வந்தது. அதே குடியிருப்பு, பி பிளாக். கழிப்பறைத் தண்ணீர் நாற்றம் என்றார். நானே போனேன்.

கதவைத் திறந்தவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். சேலத்துக்காரப் பெண். தோளில் எட்டு மாதப் பெண் குழந்தை. குழந்தையின் தொடைகளில் சிவப்புத் தடிப்புகள். மேலே வெள்ளையாக மருந்து பூசியிருந்தது.

"மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம் மேடம். வயித்தால நிக்காம போச்சு. டாக்டர் இன்ஃபெக்ஷன்னாரு. எதுனாலன்னு கேட்டா எது வேணாலும் இருக்கலாம்மா, பால் பாட்டில் சுத்தமா வச்சிக்கன்னு சொல்றாரு. நான் ஒவ்வொரு பாட்டிலையும் கொதிக்க வச்சுத்தான் மேடம் எடுக்குறேன்."

கடைசி வாக்கியத்தை அவர் எனக்காகச் சொல்லவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லி, யாரும் நம்பாததை மறுபடி ஒரு தடவை சொன்னார். நம்புகிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். "பாத்ரூமைக் காட்டுங்க," என்றேன்.

ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் மங்கலாக இருந்தது. நாற்றம் வந்தது. பக்கத்தில் கழுவுவதற்கான கை ஜெட் தொங்கிக்கொண்டிருந்தது.

"குழந்தையைக் கழுவுறது?"

"இதுலதான். வேற எப்படி மேடம்? ஒரு கையில பிள்ளைய புடிச்சுகிட்டு இன்னொரு கையால இத அடிச்சாத்தான் முடியும்."

எனக்குத் தெரியும். அன்று காலை ஏழு மணிக்கு, என் வீட்டில், என் மகளை நானும் அப்படித்தான் கழுவிவிட்டு வந்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். சுவரிலிருந்து வரும் ஃப்ளஷ் குழாயில் ஒரு இணைப்பு வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று தொட்டிக்கு, ஒன்று ஜெட்டுக்கு. கட்டடம் கட்டியவர்கள் அந்த பிளாக்கில் ஜெட் வைக்கவில்லை. குடிவந்தவர்கள் பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு அருகில் தெரிந்தது ஃப்ளஷ் குழாய்தான். அதில் வருவது கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"இது இப்படி இருக்கக் கூடாதும்மா. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார். "கீழ முன்னாடி ஒரு அண்ணா இருந்தாரு மேடம். அவரு வீடு வீடா வந்து சொன்னாரு. ஜெட்டு லைன மாத்திடுங்கம்மா, மாத்துற வரைக்கும் தண்ணி சரியில்லாத அன்னிக்கு நான் நல்ல தண்ணி விட்டுடறேன், பயப்படாதீங்கன்னு. பிளம்பர் வரேன் வரேன்னு வரல. எங்களுக்கும் அப்புறம் பாத்துக்கலாம்னு ஆயிருச்சு. திடீர்னு அந்த அண்ணாவ காணோம்."

பி பிளாக்குல இன்னான்னா. அந்த வாக்கியத்தின் மீதி அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அந்த மணி நேரத்திலேயே ஃப்ளஷ் வால்வை நானே நின்று மூடவைத்தேன். இரண்டு நாள் பி பிளாக் முழுக்க ஏறி இறங்கினோம். ஒன்பது வீடுகளில் அதே இணைப்பு இருந்தது. ஒன்பதையும் மாற்றினோம். மேலும் இரண்டு வீடுகள் பூட்டியிருந்ததால் பார்க்க முடியவில்லை. குழந்தைக்கு வந்த நோய் அந்தத் தண்ணீரால்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. குழந்தை தேறிவிட்டது. அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். தேற்றிக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று உடனே தோன்றும்.

என் நோட்டீஸ் தவறு என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். "நோட்டீஸில் எந்த வரி தவறு? பதினோரு நாள் நல்ல தண்ணீர் ஃப்ளஷுக்குப் போனது உண்மை. அந்த மாதம் மக்கள் குடத்தோடு தெருவில் நின்றதும் உண்மை. இதை ஏனம்மா தலையில் போட்டுக்கொள்கிறாய்?"

எந்த வரியும் தவறில்லைதான். அந்த ஆள் இன்னும் பலமாகச் சொல்லியிருக்கலாமே, நேராக எங்களுக்கே எழுதியிருக்கலாமே என்றுகூட நினைத்துப் பார்த்தேன். சிறிது நேரம் அது ஆறுதலாக இருந்தது. பிறகு, அவர் எழுதித்தானே இருந்தார், பதினோரு நாள், என்பது நினைவுக்கு வந்தது. குறிப்பைக் கோப்பில் வைத்துக்கொள்ள மேலதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்று கையெழுத்தோடு இருந்தால்தான் அது நிற்கும் என்றார். அது இருந்தால் சங்கத்திடம் பேசி அவரை மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்றும் சொன்னார்.

பழைய ஆய்வறிக்கையில் அன்புராஜின் எண் இருந்தது. அழைத்தேன். அடுகோடிப் பகுதியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை, மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். அவளை விட்டுவர அன்று எனக்கு வேறு இடமில்லை. ஒருவேளை அவள் இடுப்பில் இருந்தால் அவர் கோபப்படமாட்டார் என்று நினைத்தேனோ என்னவோ. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை வாசலில் பிரித்துப்போட்ட பம்புகளுக்கு நடுவே உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"பாப்பாவா மேடம்? அன்னிக்குப் போன் வந்துச்சே, ஜொரம்னு. இதான் அதுவா?"

அவருக்கு அது நினைவிருந்தது. "அன்னிக்கு நீங்க சொல்ல வந்ததை நான் கேட்கலை," என்று மட்டும் சொன்னேன். "தப்பு என்னோடதுதான் அண்ணா."

அவர் கம்பியின் நுனியை ஒரு ஆணியில் சுற்றிவைத்தார். "வுடுங்க மேடம். ஊர்க்காரங்கன்னு நான் அவ்ளோ பேர் முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. திரும்பிப் போற டிரெயின்ல ரெண்டு ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ளயே அன்னிக்கு எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொம்மா இருந்திருக்கணும்."

இதற்குப் பதிலாக அவர் கோபப்பட்டிருக்கலாம்.

பையிலிருந்து வாக்குமூலத்தை எடுத்தேன். ஒரே பக்கம். தண்ணீர் தரமில்லாத நாட்களில், குடியிருப்போரின் நலன் கருதி வால்வை மூடினேன் என்று அவர் சொல்வதாக நானே தட்டச்சு செய்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் வேலைக்குத் திரும்ப வழியுண்டு என்று சொன்னேன். இரண்டு தடவை படித்தார். படித்து மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா வேணாம் மேடம்."

"ஏன்?"

"எழுதினதுலதான மேடம் போச்சு."

உள்ளேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "ஏய் அன்பு, அந்த ரெண்டு ஹெச்பி மோட்டார் வந்த தேதிய நோட்டுல போட்டியா?"

"நீங்களே போட்டுக்கங்கண்ணா!"

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவன் வேலையெல்லாம் தங்கம்தாம்மா. நோட்டுன்னா மட்டும் பேய் புடிச்ச மாதிரி ஓடுவான். எழுதப் படிக்கத் தெரியாதோன்னு நெனச்சேன்."

அன்புராஜும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நேரத்தோடு, காரணத்தோடு, கையெழுத்தோடு இருந்த அந்தப் பதினோரு வரிகள் என் கண்முன் வந்தன. அப்படி எழுதுகிற கையை இந்த ஊரில் எத்தனை அடித்தளங்களில் நான் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். வேறு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "பி பிளாக்குல ஜெட்டெல்லாம் மாத்தியாச்சா?"

"ஒன்பது வீடு மாத்தியாச்சு. ரெண்டு வீடு பூட்டியிருக்கு."

"நாலாவது மாடில மூலை வூடு, ஏழாவதுல லிஃப்டுக்கு எதிர் வூடு. அதான?" யோசிக்காமல் சொன்னார். "மூலை வூட்டுக்காரங்க ஃபாரின்ல கீறாங்க, இப்ப வரமாட்டாங்க. லிஃப்டு எதிர் வூடு வாடகைக்கு வுடறது. யாராச்சும் கைக்குழந்தையோட வந்து நிப்பாங்க மேடம். பாத்துக்கங்க."

வாக்குமூலத் தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதை, என் எழுத்தில்.

ஏழாவது மாடி வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து ஆள் வந்தார்கள். மாற்றிவிட்டோம். நாலாவது மாடி மூலை வீடு நான் மேசைக்கு மாறும்வரை பூட்டியேதான் இருந்தது. அந்தத் தாள் கோப்பில், கடைசிப் பக்கமாக இருக்கிறது. முன்பக்கத்தில் கையெழுத்து இருக்காது. திருப்பிப் பாருங்கள். அந்தப் பகுதி உங்களில் யாருக்குக் கிடைத்தாலும், லாக் புத்தகத்தைக் கேட்பதற்கு முன்னால் லிஃப்டில் ஏறி நாலாவது மாடிக்குப் போய், அந்தக் கதவை ஒரு தடவை தட்டுங்கள்.